லைட்டுக்கு பில் உண்டு, கொழுவிக்கு?

எனக்கு நெருக்கமான ஒரு புடவை வியாபாரியின் புதிய கடைக்கு, திறப்பு விழாவுக்கு முதல் நாள் சென்றிருந்தேன். நோன்பு தொடங்க இன்னும் பத்து நாட்களே இருந்தன. பெருநாள் வியாபாரத்தைக் குறி வைத்து எடுத்த கடை. தரை, கண்ணாடி அலுமாரி, ஏசி எல்லாம் தயார். சீலிங்கில் மட்டும் 24 சதுர ஓட்டைகள். அந்த ஓட்டைகளுக்குரிய 24 பெனல் லைட்டுகளும் பெட்டி பிரிக்காமல் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன.

"ஏன் பாஸ் இன்னும் போடல்ல?" என்று கேட்டார் கடை முதலாளி.

"லைட் வந்திருக்கு முதலாளி. கொழுவுற சாமான் ஒன்றும் வரல்ல" என்றார் வயரிங் பாஸ்.

நாளை திறப்பு. அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. வேறு வழியின்றி, சீலிங் பலகையை வைப்பது போலவே லைட்டுகளையும் கிரிட்டின் மேல் சும்மா வைத்துவிட்டார்கள். மறுநாள் கடை ஜெகஜோதியாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் வெளிச்சத்தைப் புகழ்ந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஏசி திருத்த வந்தவர் மேலே ஏறி நான்கைந்து பலகைகளை நகர்த்திவிட்டுப் போனார். அன்றிரவே ஒரு லைட் காசு மேசையின் கண்ணாடி மேல் விழுந்து கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ், கடை பூட்டியிருந்த நேரம். பகலில் விழுந்திருந்தால் பிள்ளையோடு நின்ற ஒரு தாயின் தலையில் விழுந்திருக்கும்.

மூன்று பேரும் சொன்னது உண்மை

நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி வந்தபோது நடந்ததுதான் இந்தப் பத்தியை எழுதத் தூண்டியது. லைட் விற்றவர் சொன்னார்: "நான் விற்றது லைட். கொழுவுவது என் பொறுப்பல்ல." சீலிங் அடித்தவர் சொன்னார்: "நான் போட்ட கிரிட் பலகையைத் தாங்கத்தான், லைட்டைத் தாங்க அல்ல." வயரிங் பாஸ் சொன்னார்: "தந்ததை வைத்துத்தான் நான் வேலை செய்தேன்." மூவரும் பொய் சொல்லவில்லை. மூவருடைய பில்லையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலும் கிளிப் இல்லை, கம்பி இல்லை, ஏங்கர் இல்லை. லைட்டுக்குப் பில் இருந்தது, கொழுவிக்கு இல்லை. பில்லில் இல்லாத சாமானுக்கு யார்தான் பொறுப்பேற்பார்?

இது ஒரு கடையின் கதை மட்டுமல்ல. முதலாம் குறுக்குத் தெருவில் லைட் வாங்குகிறோம், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் வாங்குகிறோம், சீலிங்கை வேறொருவரிடம் கொடுக்கிறோம். இந்த மூன்றுக்கும் இடையில் விழுந்து தொலைந்து போவது கொழுவும் சாமான்தான். அதன் பெறுமதி லைட்டின் விலையோடு ஒப்பிடும்போது சொற்பம். ஆனால் அது இல்லாவிட்டால் வேலை நிற்கும், அல்லது வேலை பிழைக்கும்.

இரண்டடி என்றால் எத்தனை?

அந்த லைட் ஏன் விழுந்தது என்பதை வியாபாரிகள் ஒவ்வொருவரும் விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் எல்லோரும் "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் சந்தையில் கிடைக்கும் பெனல் லைட்டுகள் பெரும்பாலும் 595 மில்லிமீற்றர் சதுரமானவை. அவை 600 மில்லிமீற்றர் கிரிட்டுக்காகச் செய்யப்பட்டவை. அங்குலக் கணக்கில் அடித்த உண்மையான இரண்டடி கிரிட்டோ 610 மில்லிமீற்றர்.

பத்து மில்லிமீற்றர்தானே என்று நினைக்கலாம். டீ பாரின் அடி அகலம் 24 மில்லிமீற்றர். நடுவில் நிற்கும் தகட்டிலிருந்து ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் விளிம்பு 12 மில்லிமீற்றர் கூட இல்லை. லைட் தங்குவது அந்த விளிம்பில்தான். 600 கிரிட்டில் லைட் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் மறுபக்கத்தில் பிடிப்பு மிஞ்சும். 610 கிரிட்டில் அது ஒரு பக்கம் முழுதாக ஒதுங்கினால், மறுபக்கத்தில் 13 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விழும். விளிம்பைவிட இடைவெளி பெரிது. அதற்குப் பிறகு லைட் மேலே நிற்க ஒரு காரணமும் இல்லை. ஏசிக்காரர் செய்ததெல்லாம் கிரிட்டைக் கொஞ்சம் அசைத்ததுதான்.

ஆகவே லைட் ஓர்டர் பண்ணுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏணியில் ஏறி டேப் பிடிப்பது. ஒரு பாரின் நடுவிலிருந்து அடுத்த பாரின் நடு வரை அளக்க வேண்டும். 600 ஆ, 610 ஆ என்பதைக் கொட்டேஷனில் எழுத வேண்டும்.

கிரிட் சுமப்பதற்கல்ல

"லைட் இரண்டு மூன்று கிலோதானே, கிரிட் தாங்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய குழல் விளக்குப் பெட்டிகளை விட இன்றைய எல்ஈடீ பெனல்கள் பாரம் குறைந்தவை என்பது உண்மையே. ஆனால் கிரிட் எப்போதும் புதிதாக இருப்பதில்லை. ஏசி தண்ணீர் ஒழுகும். கூரை ஒழுகும். பலகை ஈரம் குடித்துப் பாரமாகும், கம்பி துருப்பிடிக்கும். காத்தான்குடி, கல்முனை, காலி, கொழும்பு போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவுபடுத்தும். ஒரு பலகை உடைந்து விழுந்தால் தலையில் தூசு கொட்டும். லைட் விழுந்தால் உலோகச் சட்டமும் மின் வயரும் சேர்ந்து விழும்.

இதனால்தான் வெளிநாடுகளில் இதற்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது. அமெரிக்காவில் நிலநடுக்க அபாயமுள்ள பகுதிகளில், சுமார் 4.5 கிலோவுக்குக் குறைந்த லைட்டுக்கு ஒரு கம்பியும், அதற்கு மேல் சுமார் 25 கிலோ வரை எதிரெதிர் மூலைகளில் இரண்டு கம்பிகளும் கட்டடத்தின் உடலிலிருந்தே கட்டப்பட வேண்டும். கம்பியின் தடிப்பு சுமார் 2.7 மில்லிமீற்றர். 25 கிலோவுக்கு மேற்பட்டால் லைட்டை நேரடியாகக் கட்டடத்திலேயே தொங்கவிட வேண்டும். நம் நாட்டில் வயரிங் வேலைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படுவது பிரித்தானிய பீ.எஸ். 7671 விதிகள். லைட் 5 கிலோவைத் தாண்டினால், பொருத்தும் சாமான் அந்தப் பாரத்தைத் தாங்கும் என்பதை வேலை செய்பவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று அவை சொல்கின்றன. நம் நாட்டில் பெரிய நிலநடுக்கம் அரிது என்பதற்காக நாம் கம்பியே இல்லாமல் விடலாமா? என் அபிப்பிராயம், மனிதர் நடமாடும் கடையில் எவ்வளவு சிறிய பெனலுக்கும் இரண்டு கம்பி போடுவதுதான் நல்லது.

கம்பியை எதில் கட்டுவது என்பதும் முக்கியம். தண்ணீர்க் குழாயிலோ, ஏசி குழாயிலோ, வயர் செல்லும் குழாயிலோ கட்டக்கூடாது. கொங்கிறீட் தட்டாக இருந்தால் உலோக ஏங்கர் அடிக்க வேண்டும், பிளாஸ்டிக் ரோல் பிளக்கை நம்பித் தலைக்கு மேல் பாரம் தொங்கவிடக்கூடாது. அஸ்பெஸ்டஸ் கூரையாக இருந்தால் தகட்டைத் தொடாமல் மரத்திலோ இரும்புச் சட்டத்திலோ கட்ட வேண்டும். அஸ்பெஸ்டஸைத் துளைத்தால் வரும் தூசு சுவாசப்பைக்கு நஞ்சு. கொங்கிறீட் கம்பி கட்டும் மெல்லிய கட்டுக்கம்பி இந்த வேலைக்கு உரியதல்ல. துத்தநாகம் பூசிய தடித்த கம்பி வேண்டும்.

உண்மை விலை சொல்பவர் தோற்கிறாரே?

இங்கேதான் நேர்மையான வியாபாரியின் சங்கடம் தொடங்குகிறது. ஒருவர் கிளிப், கம்பி, ஏங்கர் எல்லாம் சேர்த்து விலை கொடுக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் லைட்டுக்கு மட்டும் விலை கொடுக்கிறார். வாடிக்கையாளர் கடைசி வரியை மட்டும் பார்த்து, குறைந்த விலைக்காரரிடம் போகிறார். அடுத்த முறை முதலாமவரும் அந்த வரியை வெட்டிவிடுகிறார். இப்படியே தெரு முழுவதும் கொழுவி காணாமற் போகிறது.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட சம்பவத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது என்றார் உரியவர். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. அங்கே குறை குவியலின் அடியில் இருந்தது. நம் தொழிலில் அது சீலிங்கின் மேலே இருக்கிறது. வாடிக்கையாளர் ஏறிப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே பேசாமல் விற்பது எந்த வகையில் சேரும் என்பதை அவரவர் மனச்சாட்சியிடமே விட்டுவிடுகிறேன்.

இதற்கு வழி விலையைக் கூட்டுவதல்ல, விலையைப் பிரித்து எழுதுவதுதான். லைட்டின் விலை ஒரு வரி. கொழுவும் சாமானின் விலை அடுத்த வரி. இரண்டும் சேர்ந்தது "கொழுவிய விலை". "பக்கத்துக் கடையில் குறைவு" என்று சொல்பவரிடம், "அவர்களிடமும் கொழுவிய விலையைக் கேளுங்கள்" என்று சொல்லலாம். வாங்குபவரும் இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக வேண்டும். அப்போதுதான் நேர்மையாக எழுதியவர் தோற்கமாட்டார்.

ஓர்டர் எழுதும்போது

நமது கடையின் 24 லைட்டுக்கே கணக்குப் பார்ப்போம். லைட்டுக்கு இரண்டு கம்பி, 48 கம்பி. கம்பிக்கு ஓர் ஏங்கர், 48 ஏங்கர். கிரிட்டோடு பிடித்து வைக்க மூலைக்கொரு கிளிப், 96 கிளிப். உடைவதற்கும் தொலைவதற்கும் கொஞ்சம் கூட்டி 50, 50, 100 என்று எழுதுங்கள். இந்தக் கணக்கை எழுத ஐந்து நிமிடம் போதும்.

ஜிப்சம் சீலிங் என்றால் கதை வேறு. அங்கே பெனலுக்குத் தனியான உட்சட்டமும் ஸ்பிரிங் கிளிப்பும் வேண்டும். பலகையின் தடிப்பு 9 மில்லிமீற்றரா 12.5 மில்லிமீற்றரா என்று பார்த்தே கிளிப் வாங்க வேண்டும். வட்ட டவுன்லைட் என்றால் வெளி விட்டத்தைக் கேட்டு ஓட்டை வெட்டாதீர்கள். வெட்டும் விட்டம் வேறு, அது பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். சீலிங்குக்கு மேலே எவ்வளவு ஆழம் இருக்கிறது, ஏசி குழாய் எங்கே ஓடுகிறது, ட்ரைவரை எங்கே வைப்பது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

சீனாவிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்யும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. லைட் தொழிலுக்குப் பேர்போன குவாங்டொங் மாகாணத்தின் குச்சென் நகரிலும் சரி, கன்டன் கண்காட்சியிலும் சரி, சொல்லப்படும் விலை பெரும்பாலும் லைட்டுக்கு மட்டுமே. சட்டம், கிளிப், தொங்கு கம்பி எல்லாம் தனிச் சாமான்கள். கேட்டால்தான் வரும். மாதிரி பார்க்கும்போது லைட்டை மட்டும் எரித்துப் பார்க்காமல், ஒரு கிரிட் துண்டில் கொழுவியும் பாருங்கள். பிறகு இரண்டையும் ஒரே ஓர்டரில் எழுதி, ஒரே கொள்கலனில் ஏற்றச் சொல்லுங்கள். 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. விடுபட்ட சாமானை மறுபடி எடுப்பதற்குள் என்ன விலையாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தப் புடவைக் கடையில் இப்போது 24 லைட்டுக்கும் கம்பி போட்டாயிற்று. முதலில் சில ஆயிரம் ரூபாவோடு முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, சீலிங்கைக் கழற்றி, கண்ணாடி மாற்றி, இரண்டு நாள் கடையைப் பூட்டி, பல மடங்கு செலவாயிற்று. மூன்று பழைய நண்பர்கள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமலும் போனார்கள். அந்த நட்டத்தை எந்தப் பில்லிலும் எழுத முடியாது.

அடுத்த கொட்டேஷனில் ஒரு வரியைக் கூட்டி எழுதுங்கள். வாங்குபவராக இருந்தால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், வியாபாரத்திலும் பரக்கத் உண்டாகும், கீழே நிற்பவர்களும் பத்திரமாக இருப்பார்கள்.