இல்லமும் உயிரும்: பூனைக்கும் குட்டிகளுக்கும் கழிச்சல் கண்டால்

நாகபுரி இரயில்வே குடியிருப்புகளிலே வாழும் நம் தமிழன்பர்களுக்குப் பூனை புதிய விருந்தாளியன்று. மாடிப்படியின் அடியில் அது குட்டி ஈனுவதும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே குழுமி நிற்பதும் யாவரும் அறிந்த காட்சிகளே. அஜ்னியில் வசிக்கும் சகோதரி ஒருவர் இம்மாதம் நம்மிடம் கேட்டிருப்பதாவது: “குட்டிகள் பிறந்து பத்து நாட்கள் ஆகின்றன. தாய்க்கும் குட்டிகளுக்கும் கழிச்சல் கண்டிருக்கிறது. எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம்?”

மருந்துக்கு முன்னர் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிறந்த குட்டியின் எடை ஏறக்குறைய 100 கிராம். இரண்டு தேக்கரண்டி நீர் வெளியேறினால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். 50 கிலோ எடையுள்ள மனிதர் ஐந்து லிட்டர் நீரை இழப்பதற்கு இது சமம். உடலில் நீர் வற்றுவதும், சூடு தணிவதும், பால் குடிக்கும் வலுக் குன்றுவதுமே குட்டியின் உயிரைப் பறிக்கின்றன. ஆகவே நாம் முதலிற் காக்க வேண்டியவை சூடும் நீரும் ஆகும்.

முதல் வாரங்களிலே குட்டிக்குத் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் போதாது. நாகபுரியிலோ குளிர்கால இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியிற் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் குட்டி மறுபாதிக்கு நகர்ந்துகொள்ளும். தொட்டால் சில்லென்றிருக்கும் குட்டிக்கு எதையும் புகட்டலாகாது. குளிர்ந்த குடல் இயங்காது, புகட்டியது நுரையீரலுக்குள் புகவும் கூடும். மெல்ல மெல்லச் சூடேற்றிய பின்னரே தாயின் மடியில் விட வேண்டும்.

தாய்ப்பூனை குட்டியின் மலத்தை நக்கித் துப்புரவு செய்துவிடுமாதலால், கழிச்சல் நம் கண்ணில் படாமலே போகலாம். வாலடியில் ஈரமும் கறையும் உண்டா என்று பாருங்கள். தாய்ப்பால் உண்ணும் குட்டியின் மலம் மஞ்சள் நிறத்தில் களிபோல் இருப்பது இயல்பேயாம்.

பார்சல் அலுவலகத்தில் எடை குறிப்பதே என் அன்றாடத் தொழில். இங்கும் அதுவே பேருதவி செய்யும். சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வாருங்கள். நலமுள்ள குட்டி நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறும். எடை ஏறாது நின்றாலோ இறங்கினாலோ அன்றே மருத்துவரை நாட வேண்டும்.

இனித் தவிர்க்க வேண்டியவற்றைக் கூறுவோம். பசும்பால் தாய்க்கும் ஆகாது, குட்டிக்கும் ஆகாது. அதிலுள்ள பாற்சர்க்கரை கழிச்சலை மிகுவிக்கும். நம் பாட்டிமார் பச்சைக் குழந்தைக்கு உரைத்துப் புகட்டும் வசம்பும் ஜாதிக்காயும் பூனைக்கு வேண்டா. மனிதர்க்கான பேதி மாத்திரைகளையும் கொடுக்கலாகாது. உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுத்தால், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. அதனை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. அக்குறைபாட்டினாலேயே பினாயிலும் அதற்கு நஞ்சாகிறது. பினாயில் தெளித்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலும் தீங்கு நேரும். படுக்கைத் துணியைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு துவைத்து, நன்கு உலர்த்தி இடுவதே தக்கது.

தாய்க்குக் கழிச்சல் என்பதற்காகக் குட்டிகளைப் பிரிப்பதும், தாயைப் பட்டினி போடுவதும் தவறாகும். பால் கொடுக்கும் பூனைக்கு மற்றக் காலத்தைவிட இரண்டு மூன்று மடங்கு உணவு தேவை. உப்பும் மசாலாவும் வெங்காயமும் பூண்டும் சேராது வேகவைத்த கோழியிறைச்சியைச் சிறிது சோற்றுடன் பலமுறை கொடுக்கலாம். நல்ல தண்ணீர் எந்நேரமும் அருகில் இருக்கட்டும். தாயின் உடலில் நீர் இருந்தாலன்றோ மடியில் பால் ஊறும்!

கழிச்சலுக்குக் காரணங்கள் பல. தாய்ப்பாலின் வழியே உருண்டைப்புழு குட்டிகளுக்குச் செல்வதுண்டு. இதற்குப் பைரண்டெல் என்னும் மருந்தை இரண்டு மூன்று வார வயது முதல், எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தருவர். தொற்றுநோயாயின் சிகிச்சையே வேறு. எனவேதான், எந்த மருந்து, எவ்வளவு என்பதை இப்பக்கத்திலே எழுத நாம் துணியவில்லை. நீர் வற்றிய குட்டிக்குத் தோலின் கீழ் ஊசி வழியாக நீரேற்றுவதும் மருத்துவர் கையால் நடைபெற வேண்டியதே.

நான்கு வாரத்துக்குட்பட்ட குட்டிக்குக் கழிச்சல் கண்டால் ஒரு நாளும் பொறுத்திருக்க வேண்டா. மலத்தில் இரத்தம், வாந்தி, பால் குடியாமை, ஓயாத கத்தல், தாயின் மடி கல்லெனக் கட்டிச் சுடுதல், தாய்க்கு நடுக்கம் காணுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே புறப்படுக. செமினரி ஹில்ஸ் பகுதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டா. மராத்தியில் ‘ஜுலாப்’, இந்தியில் ‘தஸ்த்’ என்றால் மருத்துவர் விளங்கிக்கொள்வார். எடை குறித்த தாளையும் மலத்திற் சிறிதளவையும் உடன் கொண்டு செல்லுங்கள். தாயையும் குட்டிகளையும் சேர்த்தே, சூடு குறையாமல் ஒரே பெட்டியில் எடுத்துச் செல்க.

பிள்ளைகள் குட்டியைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். கருவுற்ற தாய்மார் பூனையின் மலத்தைத் தாமே அகற்றாது வேறொருவரிடம் விடுவது நலம். எடை குறிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துப் பாருங்கள். சிறிய உயிரொன்றைக் காக்கும் கவனம் அவர்களுக்கு அதனாலேயே பழகிவரும்.