நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டிய கப்பல்

போன ஞாயிறு பிரிட்ஜ் வாங்க வாஷிக்குப் போயிருந்தோம். தங்கமணிக்கு ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தால்தான் ஆச்சு. "இதை எந்த அறையில், எந்த வெயிலில் வைத்து அளந்தாங்க?" என்று நான் கேட்க, கடைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். கப்பல் வரைபடங்களோடு பதினெட்டு வருஷம் மும்பையில் குப்பை கொட்டியவனுக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். ஏனென்றால் கப்பலுக்கும் இப்படி ஒரு ஸ்டிக்கர் உண்டு.

அதன் பெயர் ஈஈடிஐ. ஒரு டன் சரக்கை ஒரு கடல் மைல் கொண்டுபோக எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011 ஜூலையில் ஏற்றுக்கொண்டு, 2013 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. 1999 முதல் 2008 வரை கட்டிய கப்பல்களை வைத்து ஒரு கோடு கிழித்தார்கள். பெரும்பாலான வகைக் கப்பல்கள் அந்தக் கோட்டிலிருந்து 2015-ல் 10 சதவீதம், 2020-ல் 20, 2025-ல் 30 என்று இறங்க வேண்டும். கன்டெய்னர் கப்பல் போன்ற சிலவற்றுக்கு அந்தக் கடைசிக் கட்டம் 2022-லேயே வந்துவிட்டது.

"இதெல்லாம் பணக்கார நாடுகள் நம்மை அமுக்கச் செய்யும் சதி" என்று சில நண்பர்கள் பொங்குவார்கள். அய்யா, எந்தக் கொடி பறந்தாலும் விதி ஒன்றுதான். எண்ணெய் மிச்சமானால் லாபம் முதலாளிக்குத்தான். எனக்குச் சண்டை விதியோடு இல்லை. அளக்கும் விதத்தோடு.

முதல் விஷயம். கணக்குப் போடுவது அலையில்லாத கடலில், எஞ்சின் 75 சதவீத சக்தியில் ஓடும்போது. வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். அப்புறம் என்ன? அடிப்பாகத்தின் வடிவத்தைச் செதுக்கி, புரொப்பல்லரை மாற்றி, தொட்டியில் மாதிரி ஓட்டிப் பார்த்து ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? சின்ன எஞ்சினை வை, நம்பர் இறங்கிவிடும், பாஸ்! ஆனால் ஜூலை மாதத்து அரபிக்கடல் அந்தக் கணக்கைப் படித்ததில்லை. முழுச் சரக்கோடு இருக்கும் கப்பலைக் காற்று கரையை நோக்கித் தள்ளும்போது, திருப்பி நிறுத்த எஞ்சினில் தெம்பு வேண்டும். இந்த ஆபத்து தெரிந்துதான் குறைந்தபட்ச சக்திக்கு 2013-ல் இடைக்கால வழிகாட்டுதல் வந்தது, 2021-ல் திருத்தினார்கள். அந்தக் குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்து வரைபவர்களை என்ன சொல்வது?

இரண்டாவது விஷயம் இன்னும் மோசம். எல்என்ஜி எரித்தால் கார்பன் டை ஆக்சைடு குறைவு, அதனால் ஸ்டிக்கர் பளபளக்கும். ஆனால் சில வகை எஞ்சின்களில் கொஞ்சம் மீத்தேன் எரியாமலே புகைபோக்கி வழியே தப்பிவிடுகிறது. 20 வருஷக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும். 100 டன் எல்என்ஜி எரித்தால் 275 டன் கார்பன் டை ஆக்சைடு. அந்த 100 டன்னில் 3 டன் நழுவினால், அதுவே 240 டன்னுக்குச் சமம். ஈஈடிஐ சூத்திரத்தில் இதற்கு வைத்திருக்கும் இடம் பூஜ்யம். ஓடும் கப்பலுக்கு 2023 முதல் ஏ, பி, சி என்று தரம் போடும் சிஐஐ-யும் கார்பன் டை ஆக்சைடை மட்டும்தான் பார்க்கிறது. 100 வருஷக் கணக்கில் மீத்தேனின் பங்கு குறைவுதான் என்று பதில் வரும். கப்பலின் ஆயுளே 25 வருஷம், எந்தக் கணக்கு பொருந்தும் என்று நீங்களே சொல்லுங்கள்.

"அலையில் அளப்பது கஷ்டம், செலவு" என்பார்கள். கஷ்டம்தான். ஆனால் இன்று கடலில் இறக்கும் கப்பல், 2050 வாக்கில் நிகர பூஜ்யம் என்று 2023-ல் இதே அமைப்பு போட்ட இலக்கின் வாசல் வரை ஓடும். வரைபடத்தில் செய்த தப்பை நடுக்கடலில் ரப்பர் வைத்து அழிக்க முடியாது. மீத்தேனையும் எண்ணு, அலையிலும் அளந்து காட்டு, பாதுகாப்புக்கான சக்தியில் கை வைக்காதே. கேட்பது இவ்வளவுதான்.

நம் தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த எஞ்சின் ரூமில் நிற்கிறார்கள்! ஸ்டிக்கர் பொய் சொன்னால் பிரிட்ஜில் பால்தான் திரியும். கப்பலில் திரிவது பால் இல்லை.