அழைக்காமல் எடுக்கும் படம்

அறுவை சிகிச்சையோ நெடுநாள் காய்ச்சலோ முடிந்து இல்லம் திரும்புவோருக்கு மருத்துவர் கூறும் அறிவுரைகளுள் நாள்தோறும் நடப்பது முதன்மையானது. உடல்நிலை இடங்கொடுக்கும் பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. ஆயினும், நிமிடங்களை எண்ணிக்கொண்டு நடப்பது விரைவில் சலித்துவிடும். நடைக்கு ஒரு நோக்கம் வேண்டும். வழியில் காணும் நாய்களைக் கைப்பேசியில் படம் எடுப்பது அத்தகைய எளிய நோக்கம் என்பது நம் கருத்து.

பள்ளிப்பட்டில் அதற்குக் குறைவில்லை. நீர் வற்றிய நாள்களில் கொசஸ்தலை ஆற்று மணலிலும், தேநீர்க் கடை வாசலிலும் நாய்கள் தம் போக்கில் திரிகின்றன. நண்பகலில் அவை நிழல் தேடி உறங்கிவிடும். காலையிலும் மாலையிலும்தான் சோம்பல் முறிப்பதையும் குட்டிகள் புரண்டு விளையாடுவதையும் காணலாம். நோயாளிக்கு ஏற்ற நடைநேரமும் அதுவே.

“கடித்துவிட்டால் என்ன செய்வது?” என்ற அச்சம் நியாயமானது. ரேபிஸ் நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகவேதான் நெருங்காமல் எடுங்கள் என்கிறோம். சீழ்க்கையடித்தாலும் பிஸ்கட் நீட்டினாலும் நாய் தன் செயலை விட்டு நம்மை நோக்கி வரும். படத்தின் இயல்பு கெடும், இடரும் கூடும். நல்ல படத்துக்கான விதியும் பாதுகாப்புக்கான விதியும் இங்கே ஒன்றுதான்.

நாய்ப் படங்களுக்குப் புகழ்பெற்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எலியட் எர்விட் (1928–2023), பல படங்களை நாயின் கண்மட்டத்திலிருந்தே எடுத்தார். நம் தெருக்களில் அதற்காகத் திடீரெனக் குனிந்தால், கல் எடுக்கிறார் என்று நாய் எண்ணிவிடும். திண்ணையிலோ பெஞ்சிலோ அமர்ந்து, கைப்பேசியைத் தாழப் பிடித்துக் காத்திருப்பதே மேல். பத்தடிக்குக் குறையாத தொலைவு இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டா. குட்டி ஈன்ற நாயையும், உண்ணும் நாயையும் விட்டு விலகுங்கள். வால் விறைத்து உறுமினால் ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கைத்தடி ஊன்றி நடப்போர் துணையின்றிச் செல்ல வேண்டா.

மீறிக் கடியோ கீறலோ பட்டால், ஆறாத புண்ணை நாய் நக்கினாலும்கூட, ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவாமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. எல்லாத் தவணைகளையும் முடிப்பது கட்டாயம்.

இறுதியாக, உடனிருந்து பராமரிப்போருக்கு ஒரு சொல். நோயாளியை விட்டு அரைமணி நேரம் வெளியே செல்வதையே குற்றமாகக் கருதுவோர் உங்களுள் பலர். உங்கள் உடலும் தளர்ந்தால் அவரைத் தாங்குவோர் யார்? வேறொருவரை அருகில் அமர்த்திவிட்டுச் சிறிது நடந்து வாருங்கள். நீங்கள் எடுத்துவரும் படம் படுக்கையில் இருப்பவருக்குத் தெருவையே காட்டும். மாத்திரையும் பரிசோதனையும் தவிர்த்துப் பேசுவதற்கு இருவருக்கும் அன்று ஒரு பொருள் கிடைக்கும்.