போரை வெறுப்பவர்கள் விற்கும் போர்விமானம்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932 ஆம் ஆண்டு ஒரு தச்சர் தொடங்கிய பட்டறையே இன்று உலகமெங்கும் பெயர்பெற்று விளங்கும் லெகோ நிறுவனம். நவீன போர்த் தளபாடங்களை விளையாட்டுப் பொருட்களாக்குவதில்லை என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. உலகின் போர்முனைகளில் பயன்படும் ஆயுதங்கள் எனச் சிறுவர்கள் இனங்காணக் கூடியவற்றைத் தவிர்ப்பதே தமது நோக்கம் என்று அது எழுத்திலும் அறிவித்திருக்கிறது. போற்றத்தக்க கொள்கைதான். ஆனால் அது கடைப்பிடிக்கப்படுகிறதா? இல்லை என்பதே என் வாதம்.

ஐம்பது வயதைக் கடந்தபின், அண்மையில்தான் முதன்முறையாக ஒரு லெகோ பெட்டியைத் திறந்து பொருத்திப் பார்த்தேன். ஸ்டார் வோர்ஸ் திரைப்படத்தில் வரும் எக்ஸ்-விங் விமானம்; 2021 இல் வெளியான பெட்டி; 474 துண்டுகள். துண்டுகள் எண்ணிடப்பட்ட பைகளில் இருக்கின்றன. வழிகாட்டி நூலில் படங்களைத் தவிர விளக்கமென ஒரு வசனமும் இல்லை. எந்த மொழி பேசும் பிள்ளையும் அதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு துண்டு மற்றொன்றைக் கவ்வும்போது எழும் அந்தச் சிறு ஓசைக்கு ஒரு மயக்கம் உண்டு என்பதையும் மறுக்கமாட்டேன். ஆயினும் இத்தனை செய்நேர்த்தியோடு என் மேசையில் உருவானது என்ன? ஒரு போர்விமானம். நான்கு சிறகு நுனிகளிலும் நான்கு பீரங்கிகள். அவை போதாதென்று, அழுத்தினால் பாய்ந்து செல்லும் குண்டுகளோடு இரண்டு எறிகருவிகள்.

போர்க்கால வடபகுதியில் சிறுவர்கள் பனைமட்டையில் துவக்குச் செய்து விளையாடியதைக் கண்டவன் நான். அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வந்ததில்லை. தங்களைச் சூழ்ந்திருந்ததையே அவர்கள் விளையாடினார்கள். ஆகவே விளையாட்டுத் துவக்கைக் கண்டு பதறும் கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன் நான். என் ஆட்சேபம், அதை விற்றுக்கொண்டே விற்பதில்லை என்று சொல்பவர்கள் மீதானது.

இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டு, வெளிவர இருந்த ஒஸ்பிறி வானூர்தி மாதிரியை லெகோ மீளப்பெற்றது. மீட்புப் பணி விமானமாகவே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. எனினும் உண்மையான ஒஸ்பிறி இராணுவத்தின் கையில் இருக்கும் விமானம் என்று ஜேர்மனியின் சமாதான அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது; நிறுவனம் பணிந்தது. அதே நிறுவனம் 2025 ஒக்ரோபரில் ‘டெத் ஸ்டார்’ என்னும் விண்கோட்டையை 9,023 துண்டுகளில், ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்க டொலர் விலையில் சந்தைக்கு விட்டது. 1977 இல் வெளியான முதற் படத்தில் அந்தக் கோட்டை செய்யும் காரியம் என்ன? மக்கள் வாழும் ஒரு கிரகத்தையே கணப்பொழுதில் பொடியாக்குகிறது. ஆட்களை மீட்கும் விமானம் ஆகாது. கிரகத்தை அழிக்கும் கோட்டை ஆகும். இதுவா சமாதானக் கொள்கை?

“அது கற்பனைப் போர்தானே” என்பது வழக்கமான விடை. அந்த விடையும் நிற்காது. படத்தின் விமானச் சண்டைக் காட்சிகளுக்கு இரண்டாம் உலகப் போரின் வான்சண்டைப் படச்சுருள்களையே இயக்குநர் ஜோர்ஜ் லூகாஸ் முன்மாதிரியாகக் கொண்டார். வியட்நாம் போரில் அமெரிக்கா வகித்த பாத்திரத்தையும் மனதிற்கொண்டே தமது பேரரசைப் படைத்ததாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். என் மேசையில் நிற்கும் எக்ஸ்-விங்கின் பின்னால் மெய்யான விமானங்களும், அவற்றின் கீழே எரிந்த மெய்யான ஊர்களும் இருக்கின்றன. அவற்றின் மீது வேற்றுலகச் சாயம் பூசப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

நிறுவனத்துக்கு இது தெரியாததன்று. 1999 இல் ஸ்டார் வோர்ஸ் பெட்டிகள் வெளிவருவதற்கு முன்னர், பெயரிலேயே போர் இருக்கிறதே என்று அதன் மேலதிகாரிகள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பு தோற்றது, வணிகம் வென்றது. நியூசிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வின்படி, லெகோ பெட்டிகளில் ஏறத்தாழ 30 வீதமானவற்றில் ஆயுதத் துண்டு ஒன்றேனும் இருந்தது. விண்வெளி என்றாலே போர்தான் என்றும் வாதிட முடியாது. 1978 இல் இதே நிறுவனம் வெளியிட்ட விண்வெளிப் பெட்டிகளில் புன்னகைக்கும் விண்வெளி வீரர்கள் கிரகங்களை ஆராய்ந்தார்கள், எவரையும் சுடவில்லை.

அப்படியானால் இந்தக் கொள்கை யாரைப் பாதுகாக்கிறது? போர்முனைகளில் வாழும் பிள்ளைகளையா? ஆயிரம் டொலர் கொடுத்து அவர்கள் இதை வாங்கப்போவதில்லை. வாங்குபவரின் மனச்சாட்சி உறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் பயன். செய்தியில் கண்ட விமானம் வரவேற்பறையில் நின்றால் உறுத்தும். திரையில் கண்ட விமானம் உறுத்தாது. இதற்குச் சமாதானம் என்று பெயரிடுவதைத்தான் ஏற்க முடியாது.

தடை கோரி நான் எழுதவில்லை. இரண்டே காரியங்களைக் கோருகிறேன். நிறுவனம் தனது அறிவிப்பைத் திருத்தி, ‘போரையும் விளையாட்டாக விற்கிறோம்’ என்று நேர்மையாகச் சொல்லட்டும். பெற்றோர், புலம்பெயர்ந்த எம்மவர் உட்பட, அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்றிராமல், பிள்ளையோடு அமர்ந்து அந்த விமானம் எதற்கானது என்பதைச் சொல்லட்டும். சொன்னபின் அதே 474 துண்டுகளைக் கழற்றி வேறொன்றைச் செய்யலாம் என்பதையும் காட்டட்டும். 1958 இல் காப்புரிமை கோரப்பட்ட கல் இன்றைய கல்லோடும் பொருந்துகிறது. பாலமோ பள்ளிக்கூடமோ கட்ட அதற்கு எந்தத் திரைப்பட உரிமமும் தேவையில்லை.