நடுராத்திரியில் போய் இறங்குவானேன்?

கோட்டக்குப்பத்திலிருந்து சென்னை மூன்று, மூன்றரை மணி நேரம்தான். ஆனாலும் பலர் கடையடைத்து, இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். ஒரு பகல் மிச்சமாம்! 11 மணிக்கு மேல் போய் இறங்கினால் மெட்ரோ ரயில் ஓய்ந்திருக்கும். தோளில் தூங்கும் பிள்ளை, காலடியில் பைகள். ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. பேசாமல் விடியற்காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மரக்காணம் உப்பளங்களை ஜன்னல் வழியே பார்த்தபடி போய், மாமல்லபுரத்தில் வெயில் ஏறுமுன் அர்ச்சுனன் தபசைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திருவல்லிக்கேணி போய்விடலாம். அத்தை வீட்டில் தங்குவதாக இருந்தால், பாவம், அவருக்கும் தூக்கம் கெடாது.