துயர் தீர்க்கும் பேச்சு தமிழில் வேண்டும்

கை முறிந்தால் கட்டுப் போட ஓடுகிறோம். மனம் முறிந்தவனை மட்டும் சோம்பேறி என்கிறோம், செய்வினை என்கிறோம், ஊருக்கு அனுப்பிவிட்டால் சரியாகிவிடும் என்கிறோம். மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் பத்துக்குப் பத்து அறைகளில் வாழும் நம் குடும்பங்களில், சோறு இறங்காமல், வேலைக்குப் போக மனமில்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்போர் உண்டு. அது குணக்கேடு அல்ல, நோய். அதற்குப் பேச்சாலேயே செய்யும் வைத்தியம் உண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை அது. அறிதல்சார் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம், செய்தி எளியது. துயரத்தில் இருப்பவனுக்குச் சில எண்ணங்கள் தாமாகவே எழுகின்றன. அவற்றை வெறும் எண்ணம் என்று அவன் கருதுவதில்லை. உண்மை என்றே நம்பிவிடுகிறான்.

வேலை இல்லாததால் இந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். “நான் எதற்கும் உதவாதவன்” என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆலோசகர் அந்தத் தீர்ப்பை விசாரணைக்கு எடுக்கிறார். சாட்சி எங்கே? இத்தனை மாதமும் அனுப்பியது யார்? பக்கத்து அறை நண்பனுக்கு இந்த நிலை வந்தால் அவனையும் உதவாதவன் என்பீரா? எண்ணத்தைத் தாளில் எழுதி, இரு பக்கமும் எடைபோடச் சொல்கிறார். கூடவே தினமும் ஒரு சிறு வேலை: காலையில் குளிப்பது, அரை மணி நடப்பது, ஒரு நண்பரைப் பார்ப்பது. படுத்துக் கிடந்தால் துயரம் வளரும். வளர்ந்த துயரம் மேலும் படுக்க வைக்கும். அந்தச் சுழலை அறுப்பவை இந்தச் சிறு வேலைகளே.

இது பணக்காரர் வைத்தியம் என்பாருக்குக் கோவா பதில் சொல்லியிருக்கிறது. அங்கே சங்காத் என்னும் அமைப்பு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி தந்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசனை வழங்கச் செய்தது. இந்தச் சிகிச்சையின் நடத்தைப் பகுதியே அதன் அடிப்படை. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது. பெறாதவர்களில் 39 விழுக்காட்டினருக்கே தணிந்தது.

மாத்திரைக்கு மொழி கிடையாது. ஆனால் இந்த வைத்தியத்திற்கு மொழிதான் மருந்து. காய்கறிக்குப் பேரம் பேசப் போதுமான இந்தி, நெல்லைச் சீமைத் தாய் ஒருத்தி தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்கப் போதுமா? கணவனையோ பள்ளி செல்லும் மகனையோ மொழிபெயர்க்க உட்கார வைத்தால், அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவள் எப்படிச் சொல்வாள்? 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயையும் சிகிச்சையையும் பற்றிய விவரம் நோயாளிக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. விவரத்திற்கே அந்த உரிமை என்றால், பேச்சே சிகிச்சையாகும்போது எவ்வளவு வேண்டும்!

எண்ணத்தை மாற்றிக்கொண்டால் போதும், கூலி உயர வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதை நாம் ஏற்கமாட்டோம். குறைந்த கூலியும் ஏறும் வாடகையும் குடிசை இடிபடும் அச்சமும் தவறான எண்ணங்கள் அல்ல, நிஜமான கொடுமைகள். அவற்றோடு போராடத்தான் சங்கம். ஆனால் படுத்துவிட்டவன் சங்கத்துக்கு எப்படி வருவான்? முதலில் அவன் எழுந்திருக்க வேண்டும்.

எனவே நாம் கேட்பது இரண்டு. தமிழர் மிகுந்த பகுதிகளின் மாநகராட்சி மருத்துவமனைகளில் தமிழ் பேசும் மனநல ஆலோசகர்களை அமர்த்த வேண்டும். நம் சங்கங்கள் பொறுமையும் இரகசியம் காக்கும் குணமும் உள்ள ஆண்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் இந்தப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.

அதுவரை, அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது; கட்டணம் இல்லை, தமிழைத் தேர்ந்து பேசலாம். சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

பிழைப்புக்கு இந்தியும் மராத்தியும் கற்றுக்கொண்டோம். அழுவதற்கும் இன்னொரு மொழி கற்றுவா என்று நம் பெண்களிடம் யாரும் சொல்ல வேண்டாம்.