பனியன் துண்டும் பழைய சோறும்

திருப்பூரில் துணி வெட்டும் மேசையிலிருந்து கீழே விழும் துண்டு அவ்வளவு எளிதில் குப்பைக்குப் போய்விடுவதில்லை. நிறம் பார்த்து, ரகம் பார்த்துப் பிரித்து, மூட்டை கட்டி எடைக்கு விற்கிறார்கள். சற்றுப் பெரியதாக இருந்தால் குழந்தைக்கு ஜட்டி ஆகிறது. சிறியது இயந்திரம் துடைக்கப் போகிறது. அதற்கும் உதவாதது பிய்க்கப்பட்டுப் பஞ்சாகி, மறுபடியும் நூலாகிறது. வேஸ்ட் கடை வைத்து வீடு கட்டியவர்கள் இவ்வூரில் உண்டு. அவர்களை யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

ஆனால் நேற்றைய குழம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. விருந்தாளி வந்தால் பழைய சோற்றுச் சட்டி அடுப்புக்குப் பின்னால் ஒளிகிறது. சென்ற மாதம் நண்பர் ஒருவர், "மிச்சம் மீதியைத் தின்பது வறுமையின் அடையாளம், அதைப் பெருமை பேசாதீர்கள்" என்று என்னிடம் சற்றுக் கோபமாகவே சொன்னார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

கொங்கு நாட்டுச் சமையலில் பெரும்பகுதி மிச்சத்தின்மீது எழுந்தது என்பது என் துணிபு. மழை குறைந்த மேட்டு நிலம். கம்பும் சோளமும் கொள்ளும் விளைந்த பூமி. பல்லடம் பக்கத்தில் இருந்த என் அம்மாயி கொள்ளை வேகவைத்தால் ஒரு சொட்டு நீர் வீணாகாது. வெந்த நீரை வடித்து ரசம் வைப்பார். வெந்த கொள்ளை ஆட்டுரலில் அரைத்து மதியச் சோற்றுக்குக் கடைசல். அதில் மிஞ்சியதோடு பூண்டும் வரமிளகாயும் சேர்த்து அரைத்தால் இரவுக்குத் துவையல். ராத்திரிக் களி மிஞ்சினால் உருண்டையாகவே தண்ணீரில் கிடக்கும். காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ். "தீஞ்சு போனாத்தான் கண்ணு வீணு, மிஞ்சிப் போனா வீணில்ல" என்பார். அதைச் சிக்கனம் என்று அவர் ஒருநாளும் அழைத்ததில்லை. அவருக்கு அதுதான் சமையல்.

இந்தக் கைப்பழக்கத்துக்கு ஒன்று வேண்டும்: நேரம். இன்று பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்ணிடம் அது இல்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறாள். சம்பளம் சனிக்கிழமை. ஞாயிறு நன்றாகவே நடக்கும். வியாழன், வெள்ளிதான் சோதனை. கையில் காசு குறைந்த அந்த இரண்டு இரவுகளில்தான் அலுப்பு மிகுந்து, கடைப் பரோட்டாப் பொட்டலம் கடனுக்கு வீட்டுக்குள் வருகிறது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. சோற்றோடு சேர வேண்டியதற்குத்தான் பஞ்சம்.

ஆகவே மிச்சத்தை எதேச்சையாக விட்டுவிடக் கூடாது, முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்கிறேன். ஒரே அடுப்பெரிப்பில் துவரம்பருப்பை இரட்டிப்பாக வேகவைத்து, பாதியை எடுத்து வைத்தால் மறுநாள் கீரைக் கூட்டு பத்து நிமிட வேலை. ரசத்தின் அடியில் தங்கும் மண்டியைக் கொட்டுபவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சூடான சோற்றில் அதைப் பிசைந்து ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டால் வேறென்ன வேண்டும்? இட்லி மிஞ்சினால் உதிர்த்து உப்புமா. மாவு புளித்தால் வெங்காயம் போட்டுப் பணியாரம். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். முள்ளங்கியின் கீரை பொரியலாகும். பொரியல் ஒரு கரண்டி மிஞ்சினால் அடை மாவில் கலந்துவிடலாம், பிள்ளைகள் கண்டுபிடிக்கமாட்டார்கள். கோடையில் நிறைய சோறு மிஞ்சினால் சீரகமும் பச்சைமிளகாயும் அரைத்துக் கலந்து வடகம் போடலாம். திருப்பூர் வெயில் எதற்குத்தான் இருக்கிறது?

வெயில் என்றதும் ஒரு எச்சரிக்கை. சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டில் ஏப்ரல் மாத இரவு, சாம்பாருக்கு நல்ல இரவன்று. உடனே கொதிக்கவைத்து மூட வேண்டும், அல்லது குளிர்பெட்டி வேண்டும். தேங்காய்ச் சட்னியை வைத்துக்கொள்ளும் ஆசையே வேண்டாம். சோறு மிஞ்சினால் ஆறியவுடன் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். வெறும் சோறாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அதில் வளரும் ஒருவகை நுண்ணுயிரியின் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. 'பழையது எல்லாமே மருந்து' என்று வாட்ஸப்பில் அனுப்புபவர்கள் இதையும் சேர்த்து அனுப்பினால் நல்லது.

மருந்து என்றேன். இப்போது பழைய சோற்றுக்கு நல்ல காலம். 2021ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மாஸ்டர்செஃப் இறுதிச் சுற்றில், வங்காளதேச வேர்கொண்ட கிஷ்வர் சௌத்ரி தண்ணீர்ச் சோற்றைப் பரிமாறினார்; உலகமே பேசியது. ஒடிசாக்காரர்கள் அதைப் பகாள என்கிறார்கள், மார்ச் 20ஐ அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒடிசாப் பையன்கள் காலையில் அதைத்தான் உண்கிறார்கள், கடுகெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கோடு. மொழி தெரியாத எங்களிடையே முதல் பேச்சு இந்தச் சட்டியை வைத்துத்தான் தொடங்கியது. இன்னொரு பக்கம் உணவகங்கள் மண்சட்டியில் ஊற்றி, மோர்மிளகாய் வைத்து, நல்ல விலைக்கு விற்கின்றன. விற்கட்டும். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

என் வருத்தம் வேறு. நண்பர் சொன்ன பாதி உண்மைக்கு இப்போது வருகிறேன்.

என் அம்மா பதினெட்டு வருடம் செக்கிங் வேலை பார்த்தார். ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். கடுமையான இரத்தசோகை என்று மருத்துவர் சொன்னார். "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டபோது, "எல்லாரும் சாப்பிடறதுதானுங்க" என்றார். அது பொய். அன்றைக்குத்தான் நான் அவர் தட்டை முதன்முறையாக நினைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மிஞ்சியதெல்லாம் அவருக்கு, சூடானதெல்லாம் எங்களுக்கு. அதிலும் மிஞ்சியது எது? சோறு மட்டும்தான். கொள்ளுக் கடைசல் மிஞ்சவே மிஞ்சாது, கீரை மிஞ்சாது, தயிர் மிஞ்சாது. நாங்கள் வழித்துத் தின்றுவிடுவோம். ஆக, அவர் பல ஆண்டுகள் உண்டது வெறும் தண்ணீர்ச் சோறும் ஊறுகாயும். பழைய சோறு அவரை நோயாளியாக்கவில்லை. அதோடு சேர வேண்டியதை நாங்கள் அவருக்கு வைக்காததுதான் ஆக்கியது.

அதனால்தான் பருப்பையும் கீரையையும் பரிமாறுவதற்கு முன்பே எடுத்து வைக்கச் சொல்கிறேன். தட்டுகள் காலியான பின் மிஞ்சுவதை மட்டும் மிச்சம் என்று கணக்கிட்டால், அது எப்போதும் ஒருத்தியின் தட்டுக்குத்தான் போகும். பழையது என்றால் வீட்டில் நால்வரும் பழையது உண்போம், இட்லி என்றால் நால்வருக்கும் இட்லி. இதைச் சொன்னால் என் தம்பி, "ஆம்பளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா?" என்கிறான். அவன் மனைவியும் அதே கம்பெனியில் அதே ஒன்றரை ஷிப்ட்தான் பார்க்கிறாள். அதை அவன் மறந்துவிடுகிறான்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுச் சமையல் என் பொறுப்பு. வியாழனன்றே பருப்பில் பாதியை மூடியுள்ள தூக்கில் எடுத்துவைத்து, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிடுகிறேன். அம்மா அவ்வப்போது அதைத் திறந்து பார்த்து, "இதை யாருக்குடா ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று கேட்பார். உங்களுக்குத்தான் என்றால் நம்பமாட்டார்.